பின்பெஞ்சில் உட்காரும் சைக்காலஜிஸ்ட்: ஒரு தாளாளரின் மதிப்பீடு

கும்பகோணம் பக்கம் ஒரு சின்ன மெட்ரிக் பள்ளியின் தாளாளர் நான். அதற்கு முன்னால் கணக்கு வாத்தியார். எல்.கே.ஜி. முதல் பத்தாம் வகுப்பு வரை நடத்துகிறோம்; எந்த வகுப்பிலும் நாற்பது பிள்ளைகளுக்குக் குறைவில்லை. திருச்சியிலிருந்து ஒரு கல்வி உளவியலாளர் மாதம் ஒருமுறை எங்கள் பள்ளிக்கு வந்து போகிறார் என்ற விஷயம் பரவியதிலிருந்து மற்ற பள்ளிக்காரர்கள் போன் செய்கிறார்கள். எல்லோரும் கேட்பது ஒன்றுதான்: எவ்வளவு வாங்குகிறார், வாங்குகிற காசுக்கு ஏதாவது நடக்கிறதா? ஒவ்வொருவரிடமும் சொல்லிச் சொல்லி அலுத்துவிட்டது. அதனால் எழுதி வைக்கிறேன். அவர் பெயரைப் போடவில்லை. அவரே வேண்டாம் என்றார். இருக்கிற பள்ளிகளுக்கே அவருக்கு நாள் போதவில்லை. இந்த மாதிரி சேவையை எடுக்க நினைப்பவர்களுக்கு எதற்குப் பணம் கொடுக்கலாம், எதற்குக் கொடுக்க வேண்டாம் என்று தெரிந்தால் போதும்.

முதலில் கணக்கு. அரை நாள் வருகைக்கு 5,000 ரூபாய், போக்குவரத்து தனி. ஒரு பிள்ளைக்கு முழு அசெஸ்மென்ட் என்றால் 7,500 ரூபாய். அது பெற்றோர் பொறுப்பு. முடியாதவர்களுக்குப் பாதியைப் பள்ளி ஏற்கிறது. ஆண்டு விழாவுக்கு மேடை, லைட்டு, டிஜே என்று நாம் கொட்டுவதைப் பார்த்தால் இது பெரிய தொகை இல்லை. ஆனாலும் எங்கள் அளவிலான பள்ளிக்குக் கொஞ்சம் உறைக்கும்.

அவர் முதல் முறை வந்தபோது மாடியில் ஒரு அறையை ஒழித்து, மேசை, மின்விசிறி, தண்ணீர் பாட்டில் எல்லாம் வைத்திருந்தேன். பிள்ளைகளை ஒவ்வொருவராக அனுப்பினால் அவர் பார்த்துச் சொல்வார் என்று நினைப்பு. அவர் அறையை எட்டிப் பார்த்துவிட்டு, “இது மத்தியானத்துக்கு இருக்கட்டும் சார். மூணாவது பி செக்‌ஷன் எந்தப் பக்கம்?” என்றார். போய்ப் பின்பெஞ்சில் உட்கார்ந்தார். மூன்றாம் வகுப்புப் பெஞ்சு, முழங்கால் இடிக்கும். இரண்டு பீரியட் அசையவில்லை.

அங்கே உட்கார்ந்து என்ன செய்கிறார் என்றால், ஒரு நீள நோட்டில் கோடு போட்டு எழுதுகிறார். மணி, முன்னால் என்ன நடந்தது, பிள்ளை என்ன செய்தான், அதற்குப் பின்னால் மற்றவர்கள் என்ன செய்தார்கள். அவ்வளவுதான். அந்த வகுப்பில் ஒரு பையன் தினமும் வெளியே ஓடிவிடுவான். அவன் பெயரைச் சொன்னாலே வகுப்பாசிரியைக்குத் தலைவலி வரும். ‘அடங்காதவன், வீட்டில் செல்லம் அதிகம்’ என்பதுதான் ஆசிரியர் அறையின் தீர்ப்பு. உளவியலாளர் மேடத்தின் நோட்டில் பார்த்தால், ஓடியதெல்லாம் மின்சார மணி அடித்த கையோடு. மணி மாட்டியிருப்பதோ அந்த வகுப்பு வாசலுக்கு நேர் மேலே. பிறகு அவன் அம்மாவைக் கூப்பிட்டுப் பேசினார். “வீட்ல குக்கர் விசில் வந்தா என்ன பண்ணுவான்?” என்பது அவர் கேட்ட முதல் கேள்விகளில் ஒன்று. அம்மா அழ ஆரம்பித்துவிட்டார். காதைப் பொத்திக்கொண்டு கட்டிலுக்கு அடியில் போய்விடுவானாம். அதை யாரும் அதுவரை அவரிடம் கேட்டதில்லை.

செய்தது இவ்வளவுதான்: அந்த செக்‌ஷனைக் கோடி அறைக்கு மாற்றினோம். மணி அடிக்க இரண்டு நிமிடத்துக்கு முன்னால் அட்டெண்டன்ஸ் ரெஜிஸ்டரை ஆபீசில் கொடுப்பது அவன் வேலை என்று வைத்தோம். ஆபீசுக்குப் போகிற வழி தோட்டத்தை ஒட்டிப் போகும், அங்கே மணிச் சத்தம் மங்கலாகத்தான் கேட்கும். காலை அசெம்பிளியில் ஒலிபெருக்கிக்கு முன்னால் நிற்க வேண்டியதில்லை, கடைசியில் வேப்பமரத்துப் பக்கம் நின்று தமிழ்த்தாய் வாழ்த்துப் பாடினால் போதும். ஆட்டிசம் என்று பின்னால் முறைப்படி உறுதியானது. ஆனால் அவன் வகுப்பில் உட்கார ஆரம்பித்தது, அந்தப் பெயர் காகிதத்தில் வருவதற்கு வெகு நாள் முன்பே.

காசுக்கு என்ன கிடைக்கிறது என்று கேட்பவர்களுக்கு இதைத்தான் சொல்கிறேன். கிடைப்பது அந்தப் பின்பெஞ்சு நேரம்.

அசெஸ்மென்ட் மோசம் என்று சொல்ல வரவில்லை. அதில் அவர் கெட்டிக்காரர். இரண்டு அமர்வு, பெற்றோரிடம் நீண்ட பேச்சு, ஆசிரியருக்குக் கேள்வித்தாள், மிசிக் என்ற இந்தியத் தழுவலில் அறிவுத்திறன் சோதனை, அதற்குப் பிறகு வாசிப்பு, எழுத்து, கணக்கு. ஆட்டிசம் சந்தேகம் என்றால் 40 கேள்விகள் கொண்ட ஐசா அளவுகோல். பெற்றோர் எல்லோரும் கேட்பது “ஐக்யூ எவ்வளவு மேடம்?” அவர் அந்த எண்ணைக் கடைசியில்தான் சொல்வார், சொல்லும்போதும் எதில் பலம், எதில் தடுமாற்றம் என்பதற்கு நடுவில் வைத்துத்தான் சொல்வார். கணக்கு வாத்தியாரான எனக்கு அது ஆரம்பத்தில் மழுப்பல் மாதிரி தெரிந்தது. ஒரு அப்பா அந்த எண்ணை மட்டும் கேட்டுக்கொண்டு எழுந்து போக முயன்றதைப் பார்த்த பிறகுதான் காரணம் விளங்கியது.

தமிழ் மீடியம், ஆங்கில மீடியம் இரண்டுக்கும் பொருந்தும் ஒரு விஷயத்தைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். நான்காம் வகுப்பில் ஒரு பையன். திருப்புவனத்தில் பட்டுத்தறி நெய்கிறவர் மகன். வாய் திறந்தால் மழை. குறள் ஒப்பித்தலில் பரிசு வாங்கியவன். எழுத்தைக் காட்டினால் ஊமை. பெரிய ஊர் ஒன்றில் உள்ள ஒரு மையத்தில் ஏற்கெனவே காட்டியிருக்கிறார்கள். ‘ஆங்கில வாசிப்பு வயதுக்குக் குறைவு’ என்று எழுதி, ஆங்கில எழுத்துகளின் ஒலியைச் சொல்லித்தரும் ஃபோனிக்ஸ் வகுப்புக்கு அனுப்பிவிட்டார்கள். அங்கே யாரும் ஒரு தமிழ்ப் புத்தகத்தைப் பிரித்து அவன் முன்னால் வைக்கவில்லை.

மேடம் தமிழை வைத்தார். ‘மரம்’, ‘படம்’ வந்தது. ‘கொக்கு’ வரவில்லை. ‘தேன்’ வரவில்லை. ‘மாலை’யில் ‘மா’ வந்தது, ‘லை’ வரவில்லை. நமக்குப் பழகிப் போனதால் கவனிப்பதில்லை: ஒற்றைக்கொம்பு, இரட்டைக்கொம்பு, ‘ஐ’க்குப் போடும் கொம்பு எல்லாம் எழுத்துக்கு முன்னால் நிற்கின்றன, ஒலி மட்டும் பின்னால் வருகிறது. கண் முதலில் பார்ப்பது கொம்பை. வாய் முதலில் சொல்ல வேண்டியது மெய்யை. ‘கொ’ என்றால் கொம்பு ஒரு பக்கம், கால் மறுபக்கம், நடுவில் எழுத்து. எல்லாப் பிள்ளைகளும் இதைத் தாண்டித்தான் வருகிறார்கள். டிஸ்லெக்ஸியா, அதாவது வாசிக்கத் தடுமாற வைக்கும் கற்றல் குறைபாடு, உள்ள பிள்ளை அங்கேயே நின்றுவிடுகிறான். அது போக ர-ற, ல-ள-ழ, ன-ண-ந குழப்பம் வேறு.

எங்கள் தமிழ் ஐயாவுக்கு அவர் சொன்ன வழி எளிமையானது. கொம்பையும் எழுத்தையும் காலையும் சேர்த்து ஒரே கட்டத்துக்குள் போட்டு, ஒரே நிறம் பூச வேண்டும். அந்தக் கட்டம் முழுவதையும் பார்த்த பிறகுதான் வாயைத் திறக்க வேண்டும். கரும்பலகையைப் பார்த்து எழுதச் சொல்லக் கூடாது, தாளில் கொடுத்துவிட வேண்டும். ஒரு டெர்முக்கு டிக்டேஷன் கிடையாது, வாய்வழித் தேர்வு.

இதில் எல்லாவற்றுக்கும் ஐயா ஒத்துக்கொண்டார். சண்டை வந்தது மார்க்கில். “பிழைக்கு மார்க்கைக் குறைக்காம விட்டா தமிழ் எப்படி மேடம் வளரும்?” என்று நேராகவே கேட்டார். “தமிழ்ப் பேப்பர்ல குறைங்க ஐயா. அறிவியல் பேப்பர்ல ஒளிச்சேர்க்கைக்கு எந்த ‘ளி’ போட்டான்னு பார்த்துக் குறைக்காதீங்க. அவனுக்கு ஒளிச்சேர்க்கை தெரியுமான்னு தானே கேக்குறோம்?” என்றார் இவர். ஐயா கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, “அது அறிவியல் டீச்சர் பாடு” என்று எழுந்து போய்விட்டார். அதற்குப் பெயர் சம்மதம். அன்றிலிருந்து எங்கள் பள்ளியில் மொழிப்பாடம் தவிர மற்றவற்றில் எழுத்துப்பிழைக்கு மார்க் குறைப்பது கிடையாது. எல்லாப் பிள்ளைகளுக்கும் இதே விதி. எனக்கு இந்த ஏற்பாட்டில் முழுத் திருப்தி என்று சொல்லமாட்டேன். எட்டாம் வகுப்பில் சில கில்லாடிகள் இதைச் சாக்காக வைத்துக்கொண்டு கோழி கிளறியது போல் எழுதுகிறார்கள். ஆனால் அந்த நெசவாளர் மகனுக்கு அறிவியலில் பாஸ் மார்க் வந்தது.

சான்றிதழ் விஷயத்தில் பெற்றோர் குழம்புகிறார்கள், பள்ளிகளும்தான். இவர் கொடுக்கும் அறிக்கை சான்றிதழ் இல்லை. மாற்றுத்திறனாளி சான்றிதழை அரசு மருத்துவக் குழுதான் தர முடியும். இவருடைய அறிக்கை அங்கே கொண்டுபோகும் ஆவணம். கற்றல் குறைபாட்டுக்கு 2018-இல் மத்திய அரசு வெளியிட்ட வழிகாட்டுதலில் 8 வயதுக்கு முன் சான்றிதழ் கிடையாது என்று இருந்தது. 14-லும் 18-லும் மறுபடி பார்க்க வேண்டும் என்றும் இருந்தது. யு.கே.ஜி. பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ‘டிஸ்லெக்ஸியாவா பாருங்க’ என்று வருபவர்களை மேடம் அப்படியே திருப்பி அனுப்புகிறார், பணமும் வாங்குவதில்லை. இதற்காகவே அவரை எனக்குப் பிடிக்கும்.

அவருடைய தொழில் வாழ்க்கையைப் பற்றி அவ்வப்போது பேருந்துக்குக் காத்திருக்கும் நேரத்தில் ஆபீசில் உட்கார்ந்து சொன்னதை வைத்துக் கொஞ்சம் எழுதலாம். உளவியலில் எம்.ஏ., அப்புறம் சிறப்புக் கல்வியில் பி.எட். தொண்ணூறுகளின் கடைசியில் ஒரு சிறப்புப் பள்ளியில் சேர்ந்திருக்கிறார். அப்போது நடைமுறையில் இருந்தது 1995 சட்டம். அதில் 7 வகைக் குறைபாடுகள்தான். ஆட்டிசமும் கிடையாது, கற்றல் குறைபாடும் கிடையாது. “நான் எழுதுற ரிப்போர்ட் எல்லாம் ஒரு விண்ணப்பம் மாதிரிதான் சார். ஹெட்மாஸ்டருக்கு மனசிருந்தா படிப்பார், இல்லேன்னா ஃபைல்ல போட்டுடுவார்.” 2016-இல் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் வந்தது, பட்டியல் 21 ஆனது, இரண்டும் உள்ளே வந்தன. கூடுதல் நேரம், சொல்வதை எழுதுபவர், இரண்டாம் மூன்றாம் மொழியிலிருந்து விலக்கு எல்லாம் 17-ஆம் பிரிவில் எழுத்தாகவே இருக்கிறது. இப்போது அவர் கடிதத்தில் பிரிவு எண்ணைப் போடுகிறார். தொனியே மாறிவிட்டது என்று சிரித்தார்.

சிறப்புப் பள்ளியை ஏன் விட்டீர்கள் என்று கேட்டேன். “பிள்ளைங்க தன் ஊர் ஸ்கூல், பக்கத்து ஊர் ஸ்கூல், அதுக்கடுத்த ஸ்கூல்னு மூணைத் தாண்டி வேன்ல என்கிட்ட வந்துக்கிட்டு இருந்தாங்க. நான் அந்த மூணு ஸ்கூலுக்கும் போனா வேன் வேண்டாமே.” அவ்வளவுதான் பதில். சிறப்புப் பள்ளிகளை மூட வேண்டும் என்றெல்லாம் அவர் பேசுவதில்லை. ஒரே பிள்ளைக்குப் பல குறைபாடுகள் சேர்ந்திருந்தால் முட்டுக்காட்டில் உள்ள மத்திய அரசு நிறுவனத்துக்கு எழுதிக் கொடுத்து அனுப்பிவைக்கிறார்.

சட்டப் பட்டியலில் இடம் பிடிக்காததும் ஒன்று உண்டு. ஏழாம் வகுப்பில் ஒரு பெண். எந்த ஆசிரியரும் அவளைப் பற்றிப் புகார் சொன்னதே இல்லை. அமைதி, மரியாதை, மார்க் மட்டும் வருடா வருடம் இறக்கம். வேறு ஒரு பிள்ளையைப் பார்க்க உட்கார்ந்த மேடம்தான் இவளைக் கவனித்தார். எந்த நோட்டை எடுத்தாலும் முதல் மூன்று வரி முத்து முத்தாக இருக்கும், அதற்குக் கீழே வெற்றுத்தாள். கவனத்தை நிறுத்த முடியாத ஏடிஹெச்டி என்ற குறைபாடு, அதிலும் கவனக்குறைவு வகை என்று பின்னர் மருத்துவர் சொன்னார். ஓடுகிற பையனை எல்லோரும் பார்க்கிறோம், உட்கார்ந்த இடத்திலேயே காணாமல் போகிற பெண்ணை யார் பார்க்கிறார்கள்? 21 வகைகளில் ஏடிஹெச்டி இல்லை. எனவே அதை மட்டும் வைத்துச் சான்றிதழும் கேட்க முடியாது, பொதுத்தேர்வுச் சலுகையும் கேட்க முடியாது. வகுப்புக்குள் நாமாகச் செய்வதுதான். முன்பெஞ்சு, ஒரு நேரத்தில் ஒரு கட்டளை, பத்து கணக்கைப் பிரித்து மூன்று மூன்றாகக் கொடுப்பது. பலன் இருக்கிறது, ஆனால் மெதுவாகத்தான்.

சரி, குறைகள்.

அறிக்கை ஆங்கிலத்தில், எட்டு ஒன்பது பக்கம். மருத்துவமனைக்கு அது வேண்டும், மறுக்கவில்லை. ஆனால் தறியில் உட்கார்ந்திருப்பவர் அதை வைத்துக்கொண்டு என்ன செய்வார்? நான் பலமுறை சொன்ன பிறகு தமிழில் ஒரு பக்கம் கைப்பட எழுதித் தருகிறார். பிரமாதமாக எழுதுகிறார், அதுதான் கோபம். அதை முதலிலேயே செய்திருக்கலாம். இப்போதும் அந்தத் தமிழ்ப் பக்கம் ஆங்கில அறிக்கைக்கு இரண்டு வாரம் கழித்துத்தான் வருகிறது.

போன் எடுக்கமாட்டார். வாட்ஸாப்பில் இரவு பத்து மணிக்கு மேல் பதில் வரும். வருகிற நாளை மாற்றுவதும் உண்டு, முந்தின நாள் மாலையில் சொல்வார். பெற்றோரைச் சம்பளம் இழந்து வரச் சொல்லியிருக்கும் நிலையில் இது நியாயமில்லை என்று அவரிடமே சொல்லியிருக்கிறேன்.

இன்னொன்று, ஆரம்பத்தில் ஆசிரியர்கள் மீது சுமையை ஏற்றினார். ஒரு பிள்ளைக்கு ஏழு எட்டு யோசனைகள். 42 பேரை வைத்துக்கொண்டு பாடம் நடத்தும் எங்கள் ஒன்றாம் வகுப்பு டீச்சர் அந்தத் தாளை மடித்து அவர் கையிலேயே திருப்பிக் கொடுத்தார். “மேடம், இதுல எனக்கு ரெண்டு சொல்லுங்க. அது நடந்தா அடுத்த ரெண்டு.” மேடம் முகம் சுருங்கினாலும் ஏற்றுக்கொண்டார். இப்போது எல்லா வகுப்புக்கும் இரண்டு இரண்டுதான். இந்த மாற்றத்துக்குப் பெருமை அந்த டீச்சரைச் சேரும்.

ஷேடோ டீச்சர் விஷயத்தில் எனக்கும் அவருக்கும் இன்னும் உடன்பாடில்லை. பல பள்ளிகள் செய்வது போல, பெற்றோர் செலவில் ஒருவரைப் பிள்ளை பக்கத்தில் உட்கார வைத்துவிடலாம் என்பது என் வாதம், வகுப்பு நடக்கும். அவர் சம்மதிப்பதில்லை. பிள்ளைக்கு என்ன வேண்டுமென்றாலும் வகுப்பாசிரியர் அந்த உதவியாளரிடம் பேசுவார், பிள்ளையிடம் பேசுவதை விட்டுவிடுவார் என்கிறார். வைத்தாலும் எப்போது விலக வேண்டும் என்ற தேதியோடுதான் வைக்க வேண்டுமாம். பதிலாக முழுநேர சிறப்பாசிரியரை எடுங்கள் என்று என்னை விடாமல் நச்சரித்தார். 2021 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் தொடக்க வகுப்புகளில் இப்படிப்பட்ட 10 பிள்ளைகளுக்கு ஒருவர், அதற்கு மேல் உள்ள வகுப்புகளில் 15 பேருக்கு ஒருவர் என்று விகிதம் சொன்னதை அவர்தான் எனக்குக் காட்டினார். இந்த ஜூனில் ஒருவரை எடுத்தோம், கணக்கு டீச்சருக்குக் கொடுக்கும் அதே சம்பளம். தன் வருகையைக் குறைத்துக்கொள்ளும் ஆலோசனையைத் தானே சொல்கிற ஆலோசகரை நான் வேறெங்கும் பார்த்ததில்லை.

ஆள் தேடுபவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. போர்டு மாட்டுவது சுலபம். இந்திய மறுவாழ்வுக் கவுன்சில் 1992 சட்டத்தின் கீழ் பதிவு செய்யும் பட்டியலில் மருத்துவ உளவியலாளர், மறுவாழ்வு உளவியலாளர், சிறப்பாசிரியர் எல்லாம் உண்டு; கல்வி உளவியலாளர் என்று தனி வகை இல்லை. ஆகவே விசிட்டிங் கார்டில் என்ன போட்டிருக்கிறது என்று பார்க்காதீர்கள், அந்தக் கவுன்சிலின் பதிவு எண்ணை, அதாவது சி.ஆர்.ஆர். எண்ணைக் கேளுங்கள். பதிவு இருப்பவர்கள் கோபிக்காமல் சொல்வார்கள். மூன்று மாதத்தில் ஆட்டிசத்தைக் குணப்படுத்துகிறேன் என்பவரிடம் எண் கேட்கவே வேண்டாம், வாசலோடு அனுப்பிவிடுங்கள்.

இவர் சேவை யாருக்குச் சரிப்படாது என்பதையும் சொல்லிவிடுகிறேன். டி.சி. கொடுப்பதற்கு ஒரு காகிதம் வேண்டும் என்று கூப்பிடுகிற பள்ளிகளுக்கு. அப்படி ஒரு பள்ளி கூப்பிட்டிருக்கிறது; ‘எங்கள் பள்ளிக்குப் பொருந்தமாட்டான்’ என்று ஒரு வரி அறிக்கையில் சேர்க்கக் கேட்டார்களாம். 2009 கல்வி உரிமைச் சட்டப்படி எட்டாம் வகுப்பு முடியும் வரை எந்தப் பிள்ளையையும் வெளியேற்ற முடியாது என்பதை ஒரு வரியாக எழுதிக் கொடுத்துவிட்டு வந்திருக்கிறார். வருகைக் கட்டணம் வந்ததா என்று கேட்டேன். சிரித்தார்.

மதிப்பெண் கேட்டால் ஐந்துக்கு நான்கு. குறைத்த ஒன்று அந்தத் தமிழ்ப் பக்கத்துக்கும் எடுக்காத போனுக்கும். காசு குறைவாக இருந்தால் முழு அசெஸ்மென்ட்டைத் தள்ளி வையுங்கள், வகுப்பறை வருகையை எடுங்கள். பிள்ளை பத்தாம் வகுப்பை நெருங்கினால் மட்டும் இந்த வரிசையை மாற்றிக்கொள்ளுங்கள், ஏனென்றால் தேர்வுச் சலுகைக்கு மருத்துவக் குழுச் சான்றிதழ் வேண்டும், அதற்கு அலைய நேரம் பிடிக்கும்.

கூப்பிடுவதாக இருந்தால் ஏப்ரலிலேயே பேசி வையுங்கள், ஜூனில் கிடைக்கமாட்டார். பெற்றோரிடம் சொல்லி, போன வருட நோட்டுகளைப் பழைய பேப்பர்காரரிடம் போடாமல் எடுத்து வைக்கச் சொல்லுங்கள். ஃபேர் நோட்டை அவர் புரட்டக்கூட மாட்டார், கேட்பது ரஃப் நோட்டைத்தான்.